டி.வி. கேம் இசைக்கு ஓர் ஆய்வறிக்கை

நான் ஓய்வு பெற்ற மூன்றாவது வருடம், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் உள்ள ஓர் இரும்பு வார்ப்பட ஆலையிலிருந்து பணியாளர் நல அலுவலர் ஒருவர் மீஞ்சூரில் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சி.டி.யும் ஒரு கட்டுக் காகிதமும். முப்பத்தொரு வருடம் அரசாங்கத்தின் சார்பில் இப்படிப்பட்ட ஆலைகளின் சரக்கைத் தட்டிப் பார்த்து, அளந்து பார்த்து, ஏற்றோ திருப்பியோ அனுப்பிப் பிழைத்தவன் நான். பழைய கோப்பு ஏதோ கிளம்பிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அவர் கொண்டுவந்தது இசை. ஆலையின் குடும்ப விழாவில் தொழிலாளர்கள் இருபத்திரண்டு பேர் சேர்ந்து வாசிக்கப்போகிறார்கள். அங்கே கிரேன் ஓட்டும் ஒருவர், டி.வி. கேம் ஒன்றின் இசையை எடுத்து, வயலின், கிளாரினெட், டிரம்பெட், டிரம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பிரித்து எழுதியிருக்கிறார். சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு இரண்டிலும் சேராத எந்த நிகழ்ச்சிக்கும் வெளியாள் ஒருவரின் கருத்தை எழுத்தில் வாங்க வேண்டும் என்பது அந்த ஆலையின் விதி. ஏதோ ஒரு வருடம் போட்ட நாடகத்தில் மேலாளர் ஒருவர் தம்மை அடையாளம் கண்டுகொண்டதால் பிறந்த விதி அது.

"நீங்க மியூசிக் எக்ஸாமெல்லாம் எழுதினவர்னு சொன்னாங்க சார். ஓகேன்னு ஒரு லைன் போட்டுட்டா போதும்."

"ஓகே இல்லன்னா?"

"அந்த டைம லைட் மியூசிக்காரங்களுக்கு குடுத்துடுவோம். அவர் தான் பாவம், எட்டு மாசமா உக்காந்து எழுதினாரு. இந்த வாட்டி ஏறலன்னா இனிமே இந்த பேச்சே வேணாம்னு எம்.டி. சொல்லிட்டாரு சார்."

மேற்கத்திய இசையில் நான் ஐந்து தேர்வுகள் எழுதித் தேறியவன். ஐந்தும் தியரி. எந்த வாத்தியத்தையும் வாசிக்கத் தெரியாது. இதை ஒரு குறையாகச் சொல்பவர்களிடம், எனக்கு இரும்பு உருக்கவும் தெரியாது என்று சொல்வது வழக்கம்.

காகிதக் கட்டைப் படித்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. கையெழுத்து சுத்தமாக இருந்தது. பிழைகளும் சுத்தமாகவே இருந்தன. பிறகு, ஒத்திகையைப் பதிவு செய்திருந்த சி.டி.யைப் போட்டுக் கேட்டேன். இரண்டு நிமிடம் போயிருக்கும், சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"யாருங்க ஆட்றது? மொத ஸ்டேஜுக்கே இவ்ளோ நேரமா?"

எங்கள் மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது ஒரு டி.வி. கேமையும் நான்கு கேசட்டுகளையும் விட்டுப் போயிருந்தான். தெருவே சீரியல் பார்க்கும் மதிய நேரத்தில் என் மனைவி அதை ஆடுவாள். ஒரு குட்டி மனிதன் பள்ளங்களைத் தாண்டி ஓடிக்கொண்டே இருப்பான். நான் ஓய்வு பெற்றதிலிருந்து அந்த இசை என் செய்தித்தாளின் மறுபக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை.

அங்கீகரித்த மாதிரிப் பொருள் கையில் இல்லாமல் எந்தச் சரக்கையும் ஆய்வு செய்யக் கூடாது. இது முதல் விதி. ஆகவே மறுநாள் மதியம் குறிப்பேட்டுடன் அவள் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

"பேனாவ தட்டிக்கினே இருக்காதீங்க. பள்ளத்துல வுழுந்துடப் போறேன்."

"இப்ப ஏன் பாட்டு வேகமாச்சு?"

"டைம் முடியப் போவுதில்ல? வேகமா ஓடுன்னு சொல்லுது. இது கூடத் தெரியாமலா சர்ட்டிபிகேட் குடுக்கப் போறீங்க?"

அறிக்கையில் பதினொரு குறைகள் வந்தன. இரண்டாம் வயலின் பல இடங்களில் முதல் வயலினுக்கு மேலே போகிறது. கிளாரினெட்டும் டிரம்பெட்டும் ஒரே இடைவெளியில் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்குகின்றன, பாடப்புத்தகம் இதைத் தடுக்கிறது. டிரம்முக்கு ஓய்வே இல்லை. இப்படிப் பத்து. பதினொன்றாவது என் மனைவி கொடுத்தது, எழுத்து மட்டும் என்னுடையது: மூல இசை துள்ளி ஓடுகிறது, முடிவில் இரட்டை வேகம் எடுக்கிறது, இந்த வடிவம் தொடக்கத்திலிருந்தே பாதி வேகத்தில் நடக்கிறது, முடிவில் இன்னும் தாழ்கிறது. மாதிரிக்கு ஒவ்வாதது.

சம்பந்தப்பட்டவரின் விளக்கத்தைக் கேட்காமல் எதையும் நிராகரிக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் அந்தக் கிரேன்காரர் வந்தார். நாற்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்தார். முகூர்த்த நாட்களில் லீவு போட்டுவிட்டு கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பாராம். நோட்டு எழுதப் படிக்க அங்கேதான் கற்றுக்கொண்டாராம்.

நான் ஒவ்வொன்றாகப் படித்தேன்.

"கிளாரினெட்டும் டிரம்பெட்டும் ஏன் கை கோத்துக்கொண்டு போகின்றன?"

"அது பேண்டு செட்டு பழக்கம் சார். ரோட்ல லாரி ஆரன் அடிப்பான், பக்கத்துல பட்டாசு வெடிப்பான். ரெண்டும் ஒண்ணா ஏறினா தான் மாப்ளைக்கு காது கேக்கும்."

"மேடையில் லாரி வராது."

"வராது சார். மாத்திட்றேன்."

பத்துக்கும் இதே பதில். வாதாடவில்லை, ஒரு சின்னப் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தார். பதினொன்றாவதைப் படித்தேன். பென்சிலைச் சட்டைப் பையில் செருகிவிட்டார்.

"இது வேணாம் சார்."

"வேணாம்னா?"

"மாத்த முடியாது சார். ஊட்ல பசங்க ஆடறப்ப கேட்ட பாட்டு இது. டூட்டிக்கு வந்து கிரேன் கேபின்ல ஏறினா அதுவே வாய்ல வந்துடும். கீழ வாளியில டன் கணக்கா இரும்பு கொதிச்சிக்கினு கெடக்கும். அத்த தூக்கினு எவன் சார் ஓடுவான்? ஆடாம அசையாம இட்டுக்கினு போவணும். பாட்டும் அது கூடவே மெதுவா போச்சு. அச்சுல ஊத்துற எடம் வந்தா இன்னும் மெதுவா போவும். ஆறு வருசமா எனக்கு இது தான் சார் அந்தப் பாட்டு."

காபி கொண்டுவந்த என் மனைவி தம்ளரோடு நின்றுவிட்டாள்.

"மெதுவா போனா டைம் முடிஞ்சி செத்துடுவீங்களே?"

"வேகமா போனா கீழ நிக்கறவன் செத்துடுவான்மா."

அவள் தம்ளரை அவர் முன்னால் வைத்தாள். டி.வி.யைப் போட்டு ஜாய்ஸ்டிக்கை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதுவரை அந்த கேமை ஆடியதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குட்டி மனிதனை அவர் நடத்திக்கொண்டு போனார். ஒவ்வொரு பள்ளத்துக்கு முன்னாலும் நிறுத்தி, அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதுபோல் கழுத்தை நீட்டி, பிறகுதான் தாண்டினார். ஒன்றில்கூட விழவில்லை. என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஓடுங்க! யாரும் கீழ இல்ல, ஓடுங்க!"

நேரம் தீரும் இடம் வந்து, இசை இரட்டை வேகம் எடுத்தது. அவர் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாமா இது, ஒரே பேஜாரா கீது. பசங்க இத்த எப்படிமா தாங்கறானுங்க?"

திரையில் குட்டி மனிதன் நின்ற இடத்திலேயே செத்துப்போனான்.

அவர் போன பிறகு அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாதிரிக்கு ஒவ்வாத சரக்கைத் திருப்பி அனுப்பலாம். அல்லது விலகல் என்று பதிவு செய்து ஏற்கலாம். முப்பத்தொரு வருடத்தில் விலகல் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டது நான்கு முறை. நான்கையும் என் பலவீனங்கள் என்றே நினைத்திருக்கிறேன். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும்: மாற்றம் பயன்பாட்டைப் பாதிக்குமா? விளையாட்டில் அந்த இசையின் பயன் ஆடுபவரை விரட்டுவது. குடும்ப விழாவில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை யாரும் விரட்ட வேண்டியதில்லை. பாதிக்காது, ஏற்கலாம் என்று எழுதினேன். ஒரு நிபந்தனையும் சேர்த்தேன். காகிதத்தில் குறித்த வேகத்திலிருந்து கடைசி அடி வரை மாறக் கூடாது. மாறினால் அது மாதிரியும் ஆகாது, விலகலும் ஆகாது, வெறும் பழுது. அப்படி ஆனால் நிகழ்ச்சி பற்றிய என் கருத்து எதிர்மறை என்று கொள்ளவும்.

நல அலுவலர் அதைப் படித்துவிட்டு, "இது பாஸா ஃபெயிலா சார்?" என்று கேட்டார்.

"மேடையில் தெரியும்," என்றேன்.

விழாவுக்கு என்னையும் என் மனைவியையும் அழைத்து இரண்டாம் வரிசையில் உட்கார வைத்தார்கள். முதல் வரிசையிலும் அதற்கு முன்னால் தரையிலும் தொழிலாளர்களின் குழந்தைகள். நான்கு அடி வாசித்ததும் அவர்களுக்கு இசை பிடிபட்டுவிட்டது. "டேய், கேம் பாட்டுடா!" என்று ஒரு கூச்சல். கொஞ்ச நேரம் மேடையின் வேகத்துக்கே கை தட்டினார்கள். முடிவுப் பகுதி வந்தது. இங்கே இசை ஓட வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். கைதட்டல் இரட்டை வேகமாயிற்று. டிரம்பெட்காரர்கள் இரண்டு பேர் கண்ணை ஓரமாகத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்தார்கள். கல்யாணங்களில் கூட்டத்தோடு போய்ப் பழகியவர்கள், வாசிப்பும் அவர்கள் கண் போன பக்கம் போகத் தொடங்கியது. டிரம்மும் பின்னால் கிளம்பியது. என் மனைவியின் காலும் தரையில் வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தது.

வாத்தியக்காரர்களுக்கு முன்னால் நின்று அவர்களை நடத்திய கிரேன்காரர், அதுவரை வலது கையை மட்டும் லேசாக அசைத்துக்கொண்டிருந்தார். இப்போது இடது உள்ளங்கையை அதன் முன்னால் கொண்டுவந்து அசையாமல் நிறுத்தினார். கீழே நிற்பவர் கிரேன் ஓட்டுபவருக்குக் காட்டும் சைகை அது: மெதுவாக. நான் போன எல்லா ஆலைகளிலும் பார்த்திருக்கிறேன். மேலே உட்கார்ந்து அதற்குக் கீழ்ப்படிந்தவர், முதல் முறையாக அதைக் கீழே நின்று காட்டினார்.

டிரம்காரர்தான் முதலில் பார்த்தார். அடிக்கும் வேகம் அப்படியே தாழ்ந்தது. பிறகு டிரம்பெட்டுகள், கடைசியாக வயலின்கள். இருபத்திரண்டு பேரும் அந்த ஆலைக்காரர்கள். அந்தச் சைகையை மீறினால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

குழந்தைகளின் கைதட்டல் எதிலும் பொருந்தாமல் கொஞ்ச நேரம் தனியாக ஓடியது. பிறகு இங்கொன்று அங்கொன்றாக நின்றது. தரையில் எழுந்து நின்றிருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். மிச்சமிருந்த ஒரு நிமிடத்தையும் எல்லோரும் அவருடைய வேகத்தில்தான் கேட்டோம். இரண்டாம் வயலின் ஓர் இடத்தில் இன்னும் மேலே போனது. நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.