கேளாமல் ஊற்றிய தண்ணீர்

கீழ் வீட்டுச் சிறுமி இந்த வருடம் இரண்டாம் வகுப்பு. காலையில் பள்ளி வேனுக்கு ஓடும்போது நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருக்கும். அதைப் பார்த்ததும் என் கண் தானாகத் தரைக்குப் போய்விடும். அதே நெற்றியில் நான் ஒருமுறை தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். யாரையும் கேட்காமல்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள், பரம்பரைக் கத்தோலிக்கர்கள். வல்லம் வடகாலில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் எனக்கும் கணவருக்கும் வேலை கிடைத்து இந்த மாடிக்குக் குடிவந்தோம். வீட்டுக்காரர்களின் மருமகள்தான் சிறுமியின் அம்மா. என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். ஷிப்ட் முடிந்து என் செருப்புச் சத்தம் படியில் கேட்டதும், "அக்கா, கொயம்பு கீது, எடுத்துக்கினு போ" என்று குரல் வரும்.

அன்று மத்தியானம் வேறு மாதிரிக் குரல் வந்தது. குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். காய்ச்சல் ஏறி வலிப்பு கண்டுவிட்டது. ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து, இருந்தவர்களை இறக்கிவிட்டு, படப்பை ஆஸ்பத்திரிக்கு ஓட்டச் சொன்னோம். ஒரகடத்தைத் தாண்டவில்லை, வண்டி நின்றது. புதுக் கார்களை அடுக்கிய டிரெய்லர் ஒன்று திரும்ப முடியாமல் சாலைக்குக் குறுக்கே கிடந்தது.

"அக்கா, புள்ளைக்கு இன்னா ஆவுது பாருக்கா!"

"ஒண்ணும் ஆகாது. நீ பயப்படாத."

அவள் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு டிரெய்லரை நோக்கி ஓடினாள். என் மடியில் கிடந்த முகத்தில் கண் வெள்ளையாக இருந்தது. உதடு கத்தரிப்பூ நிறம். மூச்சைத் தேடினேன். கிடைக்கவில்லை, அல்லது தேடத் தெரியவில்லை.

எங்கள் ஊர் ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் ஒரு ரப்பர் பொம்மையை வைத்துப் பழக்கியிருந்தார். சாகக் கிடக்கும் பிள்ளைக்குச் சாமியார் வர நேரமில்லை என்றால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தண்ணீர் தலையில் ஓட வேண்டும், ஈரம் தொட்டால் போதாது. மூன்று தடவை. நாங்கள் வரிசையில் நின்று அந்தப் பொம்மையை நனைத்துச் சிரித்திருக்கிறோம். முப்பது வருடம் கழித்து என் கை சிரிக்காமல் பாட்டிலின் மூடியைத் திறந்தது. பிதா, சுதன், பரிசுத்த ஆவி. இப்போது கோயிலில் சொல்லும் புதிய வார்த்தைகள் அல்ல, பொம்மைக்குச் சொன்ன பழைய வார்த்தைகளே வந்தன. தண்ணீர் என் புடவையில் இறங்கியது. பிள்ளை அழவில்லை. ஞானஸ்நானத்தில் பிள்ளைகள் அழும்.

ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அவருக்கு எதுவும் கேட்டிருக்காது.

அவள் திரும்பி வந்தாள், டிரெய்லரும் நகர்ந்தது. நனைந்த தலையைப் பார்த்து, "காய்ச்சலுக்குத் தண்ணி வுட்டியாக்கா?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

அந்த ஒரு சொல்தான். குழந்தை பிழைத்தது. காய்ச்சலில் வரும் வலிப்பு இப்படித்தான் மிரட்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்று முதல் தெருவே எனக்கு நன்றி சொன்னது. "இந்த அக்காதான் தண்ணி வுட்டு என் புள்ளைய காப்பாத்திச்சு" என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள். முதல் பிறந்த நாளுக்கு எனக்குப் புடவை எடுத்தாள். உடுத்தினேன். உடம்பெல்லாம் எரிந்தது.

அருட்சாதனம் என்றால் என்ன என்று கேட்டால், அருளின் வெளி அடையாளம் என்று தூக்கத்திலும் சொல்வேன். சபைக்கு நடுவே, மெழுகுவர்த்தியும் பெற்றோரும் ஞானத் தாய் தந்தையும் நிற்க, ஊர் பார்க்கக் கொடுப்பது. நான் அதை ஆட்டோவின் பின்சீட்டில் ஒளித்துவைத்தேன். ஒருமுறை கொடுத்தால் அழியாது என்பார்கள். பரலோகத்துக்கென்று ஊற்றியது, பிள்ளை இங்கேயே ஓடி விளையாடுகிறது. அழியாத ஒன்றை அதன் தாய்க்குத் தெரியாமல் என்ன பெயர் சொல்லி வைத்திருப்பது?

பிள்ளைக்கு மூன்று வயதானபோது பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "உயிர் போகுதுன்னு நினைச்சுச் செஞ்சீங்க. அத விடுங்க. அந்தத் தாய்கிட்ட 'ஆமா'ன்னு சொன்னீங்களே, அதுக்கு என்ன செய்யப் போறீங்க?" என்றார் சாமியார். பாவமன்னிப்பு கொடுத்தார். நான் எழுந்து வந்தேன். நற்கருணைக்கு வரிசையில் நின்றேன். அப்புறமும் நான்கு வருடம் சொல்லவில்லை.

இந்த மே மாதம் எங்கள் கோயிலில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, முதல் தடவை நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை உடையில் ஏழெட்டு வயதுச் சிறுமிகள் நடந்து வந்தார்கள். அதில் ஒரு இடம் காலியாக இருப்பதாக எனக்குத் தோன்றியது. தோன்றியதும் பயந்துவிட்டேன். நான் யார், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வரிசையில் இடம் போட?

ஆடி வந்தது. அம்மன் கோயிலில் ஊற்றிய கூழைச் சிறுமியின் அம்மா தூக்கில் கொண்டுவந்தாள். வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். பாட்டில், மூன்று தடவை, வார்த்தைகள், எல்லாவற்றையும். மதத்துக்காகத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அதுவா? நாந்தான் அன்னிக்கு மாரியாத்தா, தர்கா, உங்க மாதா, அல்லாரையும் கூப்ட்டுகினு ஓடினேன்" என்றாள். பிறகு ஏதோ தட்டியது போல நின்றாள். "சாவப்போற புள்ளைக்குத்தான் அப்டி ஊத்துவாங்கன்ற. அப்ப நீ, பொயக்காதுன்னு நெனச்சிதான் ஊத்தினியா?"

நான் அவள் கையிலிருந்த தூக்கை வாங்கிக்கொண்டேன்.

"எங்கிட்ட ஒண்ணும் ஆகாதுன்னியேக்கா. அந்த வார்த்தைய புட்ச்சிகினுதானே லாரிக்காரன் கால்ல வுய்ந்தேன். நீ அங்க என் புள்ளைய வயியனுப்பிக்கினு இருந்த."

இறங்கிப் போய்விட்டாள். தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பு எல்லாம் வேறு குற்றத்துக்கானது.

பத்து நாளாகப் படியில் குரல் வரவில்லை. நேற்று சாயங்காலம் சிறுமி மட்டும் ஏறி வந்தாள்.

"பெரிம்மா, எனக்குத் தண்ணி ஊத்தினியாமே. அம்மா சொல்லிச்சு. நான் அய்தேனா?"

"இல்லம்மா. அழவே இல்ல. நான் பயந்துட்டேன்."

அவள் சிரித்துக்கொண்டே பாதிப் படி இறங்கிக் கத்தினாள். "யம்மா, பெரிம்மா பயந்துட்சாம்!"

காது கொடுத்து நின்றேன். கீழே குக்கர் மட்டும் சத்தமிட்டது. கூழ்த்தூக்கு கழுவித் துடைத்து என் சமையல் மேடையில் இருக்கிறது. வெறுந்தூக்காகக் கொடுக்கக்கூடாது. எதைப் போட்டுக் கொடுப்பது என்று தெரியவில்லை.