வலது கை நகங்கள்

சுண்டுவிரலில்தான் ஆரம்பிப்பாள் சசிகலா. இடது கையை முழங்கால்மேல் விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிரஷை ஒரே இழுப்பாக இழுப்பாள். கட்டைவிரல் பெரியது, கோணினால் பளிச்சென்று தெரியும். கை பழகட்டும் என்று அதைக் கடைசிக்கு ஒதுக்கியிருப்பாள். இரண்டு வருஷம் கழித்து மறுபடி நகப்பாலிஷ் புட்டியைத் திறந்த அன்றும் அந்த வரிசை மாறவில்லை.

மலையில், புதூர்நாட்டுக்கு மேலே ஓர் ஊர். சாமை அறுப்பாள், புளி தட்டுவாள், ஜீப்பில் இடம் இல்லையென்றால் டிரைவரை இறக்கிவிட்டு ஏறிக்கொள்கிற மாதிரி சண்டை போடுவாள். ஆனால் நகத்துக்கு மட்டும் நல்ல ரத்தச் சிவப்பு வேண்டும். "சாமை அறுக்கப் போறவளுக்கு இன்னா இவ்ளோ சோக்கு?" என்று கழனியில் சீண்டுவார்கள். "அறுக்கிறது அருவா. நகமா அறுக்குது?" என்பாள், அதற்குமேல் யாரும் வாய் திறப்பதில்லை.

இடது கையைத் தானே போட்டுக்கொள்வாள். வலது கைக்குப் புருஷன் சின்னதம்பி இருந்தான். புளியமரம் ஏறி உலுக்குகிறவன், உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. அந்தக் கையில் அத்தனை சின்ன பிரஷைப் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, அவன் கட்டைவிரலில்தான் தொடங்குவான். ஒவ்வொரு நகம் முடிந்ததும் குனிந்து ஊதிவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போவான். முற்றத்தில் உட்கார்ந்து அவன் அம்மா மங்கம்மாள் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

இரண்டு வருஷத்துக்கு முந்தின புளி உலுக்கலில் கிளை முறிந்து விழுந்து அவன் போய்விட்டான். சசிகலாவிடம் யாரும் எதையும் விடச் சொல்லவில்லை. புருஷன் போனவள் பூ வைத்தால் முகம் சுளிக்கிற ஊரும் அல்ல அது. அவளேதான் சிவப்புப் புட்டியைக் கூரை இடுக்கில் செருகினாள். வீட்டில் மிச்சம் இருப்பது அவளும் மாமியாரும்தான். மகனை இவள் மறந்துவிட்டாள் என்று மங்கம்மாள் ஒரு நொடி நினைத்துவிட்டால்கூடத் தன்னால் தாங்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

போன வாரம் மாமியாரின் மூட்டுவலிக்கு மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனாள். எடுத்துக் கொடுத்த கீதாஞ்சலியின் விரல்களில் என்னவோ பளபளத்தது. பாலிஷா, வெறும் நகமா என்று இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது. தோல் நிறமாம். "போட்டதே தெரியாதுக்கா" என்றாள் அந்தப் பெண். அந்த வார்த்தைக்காகவே சசிகலா வாங்கினாள். யாருக்கும் தெரியாது, தனக்கு மட்டும் தெரியும். அது போதும் என்றிருந்தது.

ஒன்றை மறந்துபோனாள். இது புளிக் காலம். கீதாஞ்சலியின் கை மின்விசிறிக்குக் கீழே இருக்கிற கை. இவள் விரல்களோ ஒரு மாதமாகப் புளிச்சாற்றில் ஊறிக் கறுத்துக் கிடந்தன. ராத்திரி விளக்கில் போட்டபோது தெரியவில்லை. விடிந்து பார்த்தால் இடது கையின் ஐந்து நகமும் தோல் உரித்த வேர்க்கடலை மாதிரி வெளுத்துக்கொண்டு நின்றன. கத்தியால் சுரண்டினாள், சுண்டுவிரலில் ஓர் ஓரம்தான் பெயர்ந்தது. சிவப்பே போட்டிருந்தாலும் இத்தனை தூரத்துக்குத் தெரிந்திருக்காது.

புளி தட்டுகிற வேலையில் கையை ஒளிக்க இடமில்லை. இடது கை பழத்தைப் பிடிக்க வேண்டும், வலது கை சுத்தியலால் தட்டிக் கொட்டையை எடுக்க வேண்டும். ஒவ்வொரு பழத்துக்கும் அந்த ஐந்து நகமும் எதிரே உட்கார்ந்திருந்த மங்கம்மாளின் கண்முன்னால் போய் நின்றன. கிழவி தலை நிமிராமல் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் சுத்தியல் நின்றது.

"இன்னாது சசி, நகத்துல?"

"ஒண்ணுமில்ல அத்த. போட்டா தெரியாதுன்னாங்க."

"அந்தக் கைல போடலியா?"

சசிகலா பொய் சொல்ல நினைத்தாள், வரவில்லை.

"எடது கையால எனக்குப் போட வராது அத்த."

யார் போட்டுவிட்டது என்று இருவருக்கும் தெரியும். மங்கம்மாள் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"அந்தப் புட்டிய எட்தா" என்றாள் மங்கம்மாள்.

தூக்கி எறியத்தான் கேட்கிறாள் என்று சசிகலா நினைத்தாள். எறியட்டும், அதோடு போகட்டும் என்றுகூட இருந்தது. உள்ளே போய் எடுத்துவந்து வைத்தாள். மங்கம்மாள் தவலைத் தண்ணீரில் இரண்டு கையையும் தேய்த்துக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், புட்டியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"கண்ணு சரியா தெரில. தோல்ல பட்டா நீதான் தொடைச்சிக்கணும்."

மருமகளின் வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரலை எடுத்தாள். பிரஷால் ஒரு தடவு தடவிவிட்டு, குனிந்து, அதன்மேல் ஊதினாள்.