பதினான்கு நிமிட அஸர்

ரஷ்யாவின் வடகோடி ஊரான நோரில்ஸ்கில் இருபத்திரண்டு வருஷமாகப் பஸ் ஓட்டியவர் இல்கிஸார். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருந்த தொழுகைக்கூடத்தில், சுவரில் தொங்கும் நேர அட்டவணை அவர் கையெழுத்துதான். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

குளிர்காலத்தில் ஆறு வாரம் அங்கே சூரியன் தலைகாட்டாது. நிழலே விழாத ஊரில் நிழலை அளந்து, பிற்பகல் தொழுகையான அஸருக்கு நேரம் குறிப்பது எப்படி? இல்கிஸார் தன் பிறந்த ஊரான கஸானின் நேரத்தை எழுதிவைப்பார். அவரைப் போன்ற தாத்தாரியர்கள் ஹனஃபி சட்டவழியினர்; நண்பகல் நிழலுக்கு மேல், பொருளின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு நிழல் கூடினால்தான் அவர்களுக்கு அஸர். யாரும் கேள்வி கேட்டதில்லை.

மலைநாடான தாகெஸ்தானிலிருந்து செம்பு உலை வேலைக்கு வந்த ஷுஐப் கேட்டான். அவன் ஷாஃபி வழியினன், ஒரு மடங்கு நிழலே அவனுக்குப் போதும். நவம்பர் கடைசியில், தன் ஊர் நேரங்களை அச்சடித்து இல்கிஸாரின் தாள் மேலேயே ஒட்டிவிட்டான்.

"யாரைக் கேட்டுடா ஒட்டின?"

"தொழுகை நேரத்துக்கு உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா? இது என்ன பஸ் டைமா பெரியவரே?"

"மலையை விட்டு நேத்து எறங்கின பய, எனக்கு மார்க்கம் சொல்றியா?"

இல்கிஸார் தாளைக் கிழித்து அவன் காலடியில் போட்டார். மறுநாளிலிருந்து ஒரே கூடத்தில் இரண்டு ஜமாஅத். ஒரு கூட்டம் தொழும்போது மற்றது வேண்டுமென்றே இருமியது.

டிசம்பரில் ஒரு மாலை. வெளியே இருட்டு, பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்துநான்கு டிகிரி. நிறுத்தத்தில் ஷுஐப் மட்டும் கையை ஆட்டிக்கொண்டு நின்றான். இல்கிஸாருக்கு முகம் தெரிந்தது. பிரேக்கை மிதிக்காமல் போனார்.

அடுத்த பஸ் வர ஐம்பது நிமிஷம் ஆனது. உறைந்துபோன இடது காதின் நுனியை மருத்துவர்கள் வெட்டியெடுத்தார்கள்.

கட்டுடன் கூடத்துக்கு வந்தவன் எல்லார் முன்னாலும் சொன்னான்: "இவரு எழுதின நேரத்துக்குத் தொழணுமாம். நின்னவனைப் பார்த்துக்கிட்டே போனாரு."

"இருட்டுல தெரியல" என்றார் இல்கிஸார். ஒருவரும் நம்பவில்லை.

பிப்ரவரி தொடக்கத்தில் சூரியன் திரும்பியதும், தொழவைக்கும் ஹஜ்ரத் இருவரையும் உறைந்த ஏரிக்கு இழுத்துப்போனார். பனியில் ஒரு மீட்டர் கம்பை நட்டார்கள். நண்பகலிலேயே நிழல் பதின்மூன்று மீட்டரைத் தாண்டிக் கிடந்தது. அதற்கு மேல் ஒரு மீட்டர் கூடியபோது ஷாஃபி அஸர்; இரண்டு கூடியபோது ஹனஃபி அஸர். நடுவே பதினான்கே நிமிஷம்.

"எங்க ஊர்ல வெயில் காலத்துல இந்த இடைவெளி ஒரு மணி நேரத்துக்கு மேல வரும்" என்று முனகினான் ஷுஐப்.

"பதினாலு நிமிஷம் பொறுத்துக்கப்பா. ரெண்டாவது நேரத்துல எல்லாரும் ஒண்ணாத் தொழுவோம்" என்றார் ஹஜ்ரத்.

ஜெயித்தவர் இல்கிஸார்தான். ஆனால் அவர் ஷுஐபின் பக்கம் திரும்பினார். "தம்பி, அன்னைக்கு உன்னைப் பார்த்தேன். வேணும்னுதான் போனேன். மன்னிச்சுடு."

"ஜெயிச்சுட்டுக் கேக்குற மன்னிப்பு எனக்கு வேணாம்."

மறுநாள் இல்கிஸார் பணிமனை மேலாளரிடம் தானே போய் நடந்ததைச் சொன்னார். வண்டியைப் பிடுங்கிக்கொண்டு, பஸ் கழுவும் வேலைக்கு அனுப்பினார்கள். செய்தி ஷுஐபுக்கும் எட்டியது. அவன் இளகவில்லை. தோளோடு தோள் நிற்க வேண்டிய வரிசையில் அவர் பக்கம் வரமாட்டான். அவர் ஸலாம் சொன்னால் பதில் சொல்வான், அது கடமை என்பதால். முகத்தைப் பார்க்கமாட்டான்.