வெளியே வந்த வரி

குளிர்கிடங்கில் அவரை எல்லோரும் ரைட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடங்களாக அவர் வேலை பார்ப்பது ஜன்னல் இல்லாத ஓர் அறையில். ஒரு மேசை, ஒரு நாற்காலி, எதிரே ஆறு கேமராக்களின் படங்கள் ஓடும் திரை. யார் எந்தக் கதவு வழியாக எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று பார்த்து, நேரம் போட்டுப் பதிவேட்டில் எழுதவேண்டும். அதையும் ஆங்கிலத்தில் எழுதவேண்டும். சரக்குக்குக் காப்பீடு கொடுத்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். வருடத்துக்கு ஒருமுறை வந்து பதிவேட்டைப் புரட்டுவார்கள்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. முன்னால் இருந்தவர் சுவரில் ஓர் அட்டை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். அதில் இருபத்திரண்டு தொடர்கள். உள்ளே போவதற்கு 'வென்ட் இன்டு', வெளியே வருவதற்கு 'கேம் அவுட் ஆஃப்', ஓரமாக நடப்பதற்கு ஒன்று, தாண்டிப் போவதற்கு ஒன்று, ஏணி ஏறுவதற்கு ஒன்று, வந்த வழியே திரும்புவதற்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் 'ஃப்ரம்' போட்டு ஓர் இடம், 'டு' போட்டு ஓர் இடம். ஆறு மாதத்தில் அட்டை முழுதும் கைக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. ஒரு திருடன் ஏழு கதவு தாண்டிப் போனாலும் பிசகில்லாமல் எழுதிவிடுவார். அவன் ஏன் போனான் என்று எழுத அட்டையில் எதுவும் இல்லை.

நிற்பதற்கும் உட்கார்ந்திருப்பதற்கும்கூட அட்டையில் எதுவும் இல்லை. நகராத மனிதன் பதிவேட்டில் இருக்கமாட்டான். எட்டு மணி நேரம் நாற்காலியில் இருந்த ரைட்டரும் தம் பதிவேட்டில் தினம் இரண்டே இடத்தில்தான் வந்தார்: காலை ஏழுக்கு உள்ளே வந்தார், மூன்று ஐந்துக்குக் கேட்டைத் தாண்டி வெளியே போனார். அந்த இரண்டாவது வரியை மட்டும் போவதற்கு முன்பே எழுதவேண்டியிருந்தது. போனபிறகு எழுத அவர் அங்கே இருக்கமாட்டாரே.

பழக்கம் அங்கிருந்துதான் தொடங்கியது. அவசர நாளில், சுமை தூக்குபவர் ஒருவர் குளிரறைக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்ததும் உள்ளே போன வரியை எழுதி, ஆறு நிமிடம் கூட்டி, வெளியே வந்த வரியையும் கையோடு எழுதிவைத்தார். ஆறு நிமிடத்துக்கு மேல் அந்தக் குளிரில் யாரும் நிற்பதில்லை. உள்ளே போனவர்கள் எல்லோரும் வெளியே வந்தார்கள். பிறகு அவசரம் இல்லாத நாளிலும் அப்படியே எழுதினார். மிச்சமான ஆறு நிமிடத்தில் டீ குடிப்பார். பதினோரு வருடம் பொய்க்காத ஒன்று உண்மை என்றே தோன்றிவிடுகிறது.

சுமை தூக்குபவர்களில் உயரமானவருக்கு நெட்டை என்று பெயர். கதவுக்குள் போகும்போதெல்லாம் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டுவார். சாப்பாட்டு நேரத்தில் ரைட்டரைக் கண்டால், "நான் மூக்கைச் சொறிஞ்சதையும் எழுதிட்டீங்களாண்ணே?" என்பார். விரல் எங்கிருந்து எங்கே போனது என்று மட்டும் எழுதியிருப்பதாக ரைட்டர் பதில் சொல்வார்.

அந்த மாதம் ரைட்டருக்கு ஒரு வழி திறந்திருந்தது. கேட்டில் எடைமேடைக்குப் பக்கத்து அறையில் இருந்தவர் ஓய்வு பெறப்போகிறார். மூன்று பக்கமும் கண்ணாடி போட்ட அறை அது. சாலை தெரியும், மழை தெரியும். ஒன்றாம் தேதி முதல் அது உங்களுக்குத்தான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வீட்டில் அவர் அதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். மனைவி கடைசியில், "மொதல்ல போய் உக்காருங்க. அப்புறம் மழையைப் பத்திப் பேசலாம்" என்றாள். ஒன்றாம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

அன்று மதியம் ஒன்று பத்துக்கு நெட்டை இரண்டாம் குளிரறைக்குள் போனார். ரைட்டர் இரண்டு வரி எழுதிவிட்டு டீயை எடுத்தார்.

ஒன்று முப்பத்தைந்துக்கு சூப்பர்வைசர் போன் செய்தார். லாரி காத்திருக்கிறது, நெட்டையைக் காணோம், உள்ளே இருக்கிறானா என்று கேட்டார். ரைட்டர் பதிவேட்டைப் பார்த்துப் படித்தார்: ஒன்று பதினாறுக்கு வெளியே வந்துவிட்டார். சாப்பாட்டு அறையிலும் கழிப்பறையிலும் பின்பக்கக் கொட்டகையிலும் தேடினார்கள். ஒன்று ஐம்பத்தைந்துக்கு சூப்பர்வைசர் மறுபடி பேசினார். ஆள் மதில் ஏறிக் குதித்து வீட்டுக்குப் போயிருப்பான், அதற்கு ஒரு வரி இருந்தால் அதையும் எழுதுங்கள் என்றார் சலிப்போடு.

அதற்கு வரி இருந்தது. ரைட்டர் பேனாவை எடுத்தார். ஆனால் ஒருவர் வந்து சேர்ந்த இடம்தான் அவருடைய அடுத்த வரி தொடங்கும் இடமாக இருக்கவேண்டும். நெட்டை குளிரறையிலிருந்து நடைபாதைக்கு வந்திருந்தால், நடைபாதையிலிருந்து எங்கேயாவது போயிருக்கவேண்டும். அப்படி ஒரு வரி இல்லை. ரைட்டர் மேலே பார்த்தார். உள்ளே போன வரியும் வெளியே வந்த வரியும் ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் இருந்தன.

எதற்கும் இரண்டாம் அறையை ஒருமுறை பாருங்கள் என்று சும்மா சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தார். சொல்லவும் சொன்னார். வெளியே வந்துவிட்டான் என்று சொன்னது நீங்கள்தானே, இங்கே லாரிக்காரன் உயிரை வாங்குகிறான் என்றார் சூப்பர்வைசர். ரைட்டருக்கு அந்தக் கண்ணாடி அறை ஒரு நொடி முழுதாகத் தெரிந்தது.

"நான் பாக்கல சார். அவர் வெளிய வந்ததை நான் பாக்கவே இல்ல. முன்னாடியே எழுதிட்டேன்."

 போனில் ஓடும் காலடி கேட்டது.

மாற்றாள் வரும்வரை அறையை விட்டு எழுந்திருக்கக்கூடாது என்பது விதி. அவர் எழுந்து ஓடினார். ஆயிரக்கணக்கான முறை எழுதிய நடைபாதை அது. அதில் ஒருநாளும் நடந்ததில்லை. கேமரா எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்ததையே பார்த்துப் பழகியவர், வலப்பக்கம் திரும்பவேண்டிய இடத்தில் இடப்பக்கம் திரும்பி, பெட்டிகள் அடுக்கிய சுவரில் போய் முட்டினார். திரும்பி வந்து சேர்ந்தபோது கதவு திறந்திருந்தது. உள்பக்கத் தாழ்ப்பாளைப் பனி மூடி இறுக்கியிருந்தது. நெட்டை அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருடைய சட்டைகளை மேலே போர்த்தியிருந்தார்கள். ஒன்றாம் அடுக்கிலிருந்து ஒன்பதாம் அடுக்குக்கும், அங்கிருந்து ஒன்றுக்கும், விடாமல் நடந்துகொண்டே இருந்தாராம்.

பல் கிட்டிய வாயால் நெட்டை சொன்னார்: "எனக்குப் பயமே இல்லண்ணே. நான் வெளிய வரலன்னு நீங்க பாத்துட்டு இருப்பீங்கன்னு நெனச்சேன்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் ரைட்டர் தாங்கியிருப்பார்.

நெட்டைக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரி. விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேனேஜர் கத்தவில்லை. கேட் அறை வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டதாகச் சொன்னார். ரைட்டர் வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டார். மேனேஜர் பதிவேட்டை மூடி அவர் பக்கம் தள்ளினார்.

"நீங்க இங்கயேதான் இருக்கணும். இனிமே உங்களை மாதிரி பாத்து எழுத வேற ஆள் கிடைக்காது."

கண்ணால் பார்க்காமல் ஒரு வரியும் எழுதக்கூடாது என்று அறைக்கதவில் தாள் ஒட்டினார்கள். அன்று மூன்று மணிக்கு, மாற்றாளாக வரும் அக்கா வந்தபிறகும் ரைட்டர் நாற்காலியை விடவில்லை. அவர் வெளியே போகிற வரி பாக்கி இருந்தது. அதை அவர் பார்த்து எழுத வழியே இல்லை. அக்கா தாளைப் படித்தார், அவரைப் படித்தார், பேனாவை வாங்கிக்கொண்டார்.

"நீங்க போங்க தம்பி. நீங்க தாண்டினதும் நான் எழுதுறேன்."

ரைட்டர் கேட்டைத் தாண்டினார். தாண்டியபின் திரும்பி, ஒன்றாம் கேமராவைப் பார்த்து நின்றார். அக்கா எழுதிவிட்டாரா என்று அங்கிருந்து தெரியாது. கண்ணாடி அறைக்காரர் கையாட்டி, போங்கள் என்றார். வீட்டில் மனைவி முகத்தைப் பார்த்தாள்; மழையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். மூன்று எட்டுக்கு அவர் வெளியே போன வரி இருந்தது. அதன் கீழே, அக்கா அட்டையைப் பார்க்காமல் தாமாகவே கோணல்மாணலாக எழுதிய இன்னொரு வரி: கேட்டுக்கு வெளியே நான்கு நிமிடம் நின்றார். அந்தப் பதிவேட்டில் ஒருவர் நின்றதை எழுதியது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் நெட்டை வேலைக்கு வந்தார். பத்து இருபதுக்கு வண்டியோடு இரண்டாம் குளிரறைக்கு முன்னால் நின்று, கேமராவை நிமிர்ந்து பார்த்தார். பல்லைக் காட்டவில்லை. கையை மட்டும் ஒருமுறை தூக்கிவிட்டு உள்ளே போனார். ரைட்டர் ஒரு வரி எழுதினார். பேனாமுனையை அடுத்த வரியின் தொடக்கத்தில், தாளைத் தொடாமல் பிடித்துக்கொண்டார். டீயில் ஆடை படிந்தது. பத்து இருபத்தாறு ஆனது. கதவு இன்னும் சாத்தியே இருந்தது. போனை இன்னொரு கையால் பக்கத்தில் இழுத்துவைத்துக்கொண்டு, அவர் கண் இமைக்காமல் பார்த்தபடி இருந்தார்.