சூரியன் அஸ்தமிக்குமுன்... போர்ட் பிளேர் நேரப்படி

போன வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை சாயங்காலம், டெலானிபூர் இறக்கத்தில் ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு, மேற்கே பார்த்தபடி ஓடிய ஓர் ஆளை உங்களில் யாராவது பார்த்திருந்தால்... ஆம், அது நான்தான். நாய் எதுவும் துரத்தவில்லை. நான்தான் துரத்தினேன் — சூரியனை.

காரணம், ஒரு வாக்குத்தத்த அட்டை.

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் கோயிலில் தட்டு நிறைய வசன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஒன்று எடுக்க வேண்டும். வருஷம் முழுக்க அதுதான் நமக்கு. என் மனைவிக்கு வீட்டில் சமாதானம் வந்தது. கீழ் வீட்டு அண்ணாச்சிக்கு நீடித்த ஆயுள். எனக்கு? சூரியன் அஸ்தமிப்பதற்குள் கோபத்தை விட்டுவிட வேண்டும் என்ற அந்த வசனம்!

எல்லோருக்கும் வரம், எனக்கு மட்டும் வேலை. நைசாக அட்டையைத் திரும்பத் தட்டில் போடப் பார்த்தேன். தட்டைப் பிடித்திருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இதைக் கேட்டு அதிகமாகச் சிரித்தவர் அண்ணாச்சிதான்.

இதில் ஒரு கொடுமையைக் கவனித்தீர்களா? மெயின்லேண்டில் இருப்பவர்கள் ஆறு, ஆறரை வரை நிதானமாகக் கோபப்படலாம். நமக்கு ஜனவரியில் ஐந்தேகாலுக்கெல்லாம் பொழுது அடைந்துவிடும். ஆபீஸில் வந்த கோபத்தை வீட்டுக்கு எடுத்துப் போகக்கூட நேரம் கிடையாது. இந்தத் தீவில் கிறிஸ்தவனாக இருப்பது சுலபமா என்ன?

சரி, வியாழனுக்கு வருகிறேன். அன்று தண்ணீர் நாள். ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் கொஞ்ச நேரம் வரும். தலையிலும் முகத்திலும் சோப்பு போட்டு முடித்தபோது என் குழாய் இருமியது. பிறகு மௌனமானது. துண்டைக் கட்டிக்கொண்டு பால்கனிக்கு வந்து, ஒரு கண்ணைத் திறந்து பார்த்தால்... கீழே அண்ணாச்சி. குழாயில் ஹோஸ் மாட்டி, ஸ்கூட்டர் கழுவிக்கொண்டிருந்தார்.

"கோயில்ல முன் வரிசையில உக்காந்தா போதுமா அண்ணாச்சி? மேல ஒருத்தன் குளிக்கணுமேன்னு நெனப்பு வேண்டாமா?"

"நீரு பேப்பர்ல எழுதுத ஆளுல்லா? வாயாலயே கழுவிக்கிடும்."

அத்தோடு நான் சிரித்திருக்கலாம். இனிமேல் உங்களுக்கும் எனக்கும் பேச்சே இல்லை என்று கத்தினேன். எதிர் குவார்ட்டர்ஸ் பெங்காலிக் குடும்பம், பாஷை புரியாமலே வெளியே வந்து நின்றது. அண்ணாச்சி குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார். வண்டி பாதி நுரையோடு நின்றது.

மத்தியானம் சாப்பிட வந்தபோது மனைவி அட்டையை ஞாபகப்படுத்தினாள். வசனங்களில் எனக்குப் பயிற்சி போதாதென்று நினைக்காதீர்கள். ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்து நான் வாங்கிய பரிசு சோப்பு டப்பாக்கள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. அந்த அனுபவத்தில் சொன்னேன், "அவரை நான் எப்பவோ மனசுல மன்னிச்சாச்சு."

"தண்ணி இல்லங்கறத மனசுலயா வச்சுக்கிட்டீங்க? அவங்க காதுல விழுற மாதிரிதானே கத்துனீங்க? இதுவும் அதே காதுக்குத்தான் போகணும்."

கப்பல் நாளைக்குத்தானே, ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று ரசத்துக்கு மாறிவிட்டேன்.

கப்பல் என்றது அண்ணாச்சி போகவிருந்த கப்பல். அவருக்கு ஹார்ட் ஆபரேஷன், சென்னையில். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் ஒளிக்காமலே சொல்லியிருந்தார். பிளேனில் போகச் சொன்னால், டிக்கெட் விலையைக் கேட்டால் இங்கேயே ஹார்ட் நின்றுவிடும் என்பார் அண்ணாச்சி.

சாயங்காலம் திரும்பி வந்தால் கீழ் வீட்டில் பூட்டு. நம் கப்பல்களைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே? நாளைக்கு என்றது இன்றைக்கே என்றாகிவிட்டது. அண்ணாச்சியும் அவர் மனைவியும் ஹேடோ ஜெட்டிக்குப் போய்விட்டார்கள்.

பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். சுனாமி வந்த அந்த ஞாயிறு காலையில் கட்டடம் ஆடியபோது, இதே அண்ணாச்சிதான் மாடியேறி வந்து கதவை இடித்து எங்களை இறக்கினார். கண்ணாடி இல்லாமல் எனக்குப் படி தெரியாது என்று, ஆடுகிற வீட்டுக்குள் திரும்பப் போய் என் மூக்குக்கண்ணாடியையும் எடுத்து வந்தார். அந்த மனிதர் ஆபரேஷனுக்குப் போகுமுன் வண்டியைக் கழுவித் துடைத்து, மூடி வைத்துவிட்டுப் போக நினைத்திருக்கிறார். காலையில் எனக்கு அது தெரியவில்லை. கண்ணில் சோப்பு.

அப்போதுதான் அந்த ஓட்டம். பாதி இறக்கத்தில் ஒரு ஆட்டோ கிடைத்தது. டிரைவர் கேட்டார்: "ஜஹாஸ் பகட்னா ஹை க்யா?" கப்பல் அல்ல, சூரியனைப் பிடிக்க வேண்டும் என்று என் இந்தியில் சொன்னேன். அதன்பிறகு அவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

ஜெட்டி கேட்டில் காவலர் டிக்கெட் கேட்டார். டிக்கெட் இல்லை, ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். அப்படி ஒரு காரணத்தை அவர் கேட்டதே இல்லை போலும். யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் சூரியன் அக்கரை மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. "ஜல்தி ஜாவ்" என்று வழிவிட்டார்.

வரிசையின் நடுவில், பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, காலையில பேசுனது... மன்னிச்சிருங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேற்கே பார்த்தார்.

"பொழுது அடஞ்சிட்டே தம்பி. லேட்டுல்லா?"

அவர் பெட்டியில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"சரி, போட்டும். மெட்ராஸ்ல இன்னும் வெயிலு அடிக்கும். நான் அங்கதானே போறேன்."

வரிசை நகர்ந்தது. எழுந்தவர், பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "பாதியில விட்டுட்டு வந்துட்டேன். பாத்துக்கிடும்."

ஒப்பித்த வசனத்துக்கு சோப்பு டப்பா கொடுத்தார்கள். செய்து பார்த்த முதல் வசனத்துக்கு — அதுவும் லேட்டாக — எனக்குக் கிடைத்தது ஒரு பழைய ஸ்கூட்டரின் சாவி. ஆன்மிக வளர்ச்சி என்றால் மேலே ஏறுவது என்றே நினைத்திருந்தேன். என் விஷயத்தில் அது மாடியிலிருந்து கீழ் வீட்டுக்கு இறங்குகிற தூரம்தான். அதைச் செய்யாததால் ஹேடோ வரை ஓட வேண்டியதாயிற்று.

ஆபரேஷன் வருகிற வாரம். நீங்களும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தண்ணீர் நாளில், வந்த தண்ணீரையெல்லாம் ஊற்றி அண்ணாச்சியின் வண்டியை நானே கழுவித் துடைத்தேன். பளபளவென்று நிற்கிறது. ஆபீஸில்தான் அன்றைக்கு என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.