முதலாளி போட்ட அறிமுகக் கையெழுத்து

சங்கையா தும்மினால் பந்தல்குடி ரோட்டில் போகிற லாரிக்காரன், டயர் வெடித்துவிட்டதோ என்று இறங்கிப் பார்ப்பான். அருப்புக்கோட்டையில் சௌந்தரபாண்டியனின் வத்தல் கமிஷன் கடையில், மீசை முளைக்கும் முன்பிருந்தே தராசு பிடிக்கிறவர். உடம்பில் ரத்தம் பாதி, மிளகாய் நெடி பாதி.

சம்பளத்தில் கைச்செலவு போக மீதி முதலாளியிடமே நிற்கும். அந்தத் தெருக் கடைகளில் அதுதான் வழக்கம். கல்யாணம், காதுகுத்து என்று கேட்டால் தருவார். கணக்கு அவர் மனசுக்குள் இருக்கும்; எட்டிப் பார்க்க யாருக்கும் வழியில்லை.

எண்பத்தாறாம் வருஷம் அந்தக் கடையின் மூத்த ஆள் இருளப்பசாமிக்குக் கண் மங்கியது. முதலாளி வேட்டி துண்டு கொடுத்து, கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

"அண்ணாச்சி, உங்ககிட்ட நின்ன துட்டு?"

"அது உம்ம மக கல்யாணத்தோட தீந்துபோச்சே!"

பிறகு இருளப்பசாமி பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்பில், டீ வாங்கித் தர யாராவது வருவார்களா என்று உட்கார்ந்திருந்தார். சங்கையா வாங்கிக் கொடுத்தார்.

வத்தல் வாங்க வந்த பாங்குக் கிளார்க் சங்கரலிங்கத்திடம், தன் கதியும் இதுதானோ என்று வாய்விட்டுப் புலம்பினார். கிளார்க் வழி சொன்னார்.

"வயசான காலத்துக்குன்னே ஒரு கணக்கு இருக்குண்ணே. வருசா வருசம் நம்ம பேர்ல போட்டுட்டு வரணும். பதினஞ்சு வருசத்துக்கு முழுசா எடுக்க முடியாது. கடன்காரன் கோர்ட்டுக்குப் போனாலும் அதத் தொட முடியாது."

"என் மச்சினன் வந்து அழுதா?"

"அழுதுட்டுப் போக வேண்டியதுதான்."

சங்கையாவுக்கு அந்த நிமிஷமே கணக்கின் மேல் காதல் வந்துவிட்டது. ஒரே ஒரு இடைஞ்சல். அந்தப் பாங்கில் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். எதிர்க்கடை ஜமால் மைதீனிடம் போனார்.

"உனக்குப் போடாம யாருக்குப் போடப்போறேன் சங்கையா? ஆனா அடுத்த கடை ஆளுக்கு நான் போட்டா, ஆளக் கலைக்கிறேன்னுல்ல சொல்லுவாக. பொறவு இந்தத் தெருவுல எவன் எனக்குச் சரக்குக் கைமாத்தா குடுப்பான்?"

மற்றக் கடைக்காரர்களும் அதையே சொன்னார்கள். மிச்சம் இருந்தவர் முதலாளி மட்டும்தான்; அவரிடமே பாங்குப் படிவத்தை நீட்டினார்.

விவசாயிகள் நிறைந்திருந்த நேரத்தில் சௌந்தரபாண்டியன் சிரித்த சிரிப்பில், கூரைக் காக்கைகள் பறந்துபோய்த் திருச்சுழியில்தான் உட்கார்ந்தன.

"பாத்தீகளாய்யா! சங்கையாவுக்கு எம்மேல நம்பிக்க இல்லையாம். கவர்மெண்டுதான் கஞ்சி ஊத்துமாம்!"

"அப்படி இல்ல அண்ணாச்சி…"

"ஏலே, எதுக்குப் பம்முற? கொண்டா!"

கட்டத்தை மீறி வழிகிற அளவுக்குப் பெரிய கையெழுத்து. இந்த மாதிரி முதலாளி யாருக்கு வாய்ப்பார் என்று கூட்டம் மெச்சியது. அந்த மாசத்திலிருந்து சங்கையா சம்பளத்தை முழுசாகக் கையில் வாங்கி, மீதியைப் பாங்கில் கட்டினார்.

அடுத்த சித்திரையில் எல்லோருக்கும் சம்பளம் கூடியது, சங்கையாவைத் தவிர.

"உனக்குத்தான் கவர்மெண்டு வட்டி தருதே. நானும் கூட்டுனா மத்தவன் வயிறு எரியாதா?"

அதற்கடுத்த சித்திரையிலும் அதே பேச்சுதான்; அரிசி விலை மட்டும் கூடியது. பாங்கு ஒரு பக்கம் வட்டி போட, முதலாளி மறுபக்கம் அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். கவர்மெண்டு கஞ்சி ஊற்றியது சௌந்தரபாண்டியனுக்குத்தான்.

மூன்றாம் வருஷம் குரலில் வெல்லம் தடவிக் கூப்பிட்டார். "அந்தப் பாஸ்புக்கக் கொண்டாந்து கல்லாப்பெட்டியில போடு. இனி கட்டாத. உனக்கும் கூட்டித் தாரேன்."

வீட்டில் மனைவி தங்கச்செல்வி கத்தினாள். "குடுத்துத் தொலைங்களேன்! பிள்ளைக்கு டவுசர் பின்னால கிழிஞ்சு ஊரே பாக்குது."

"குடுத்தா, செத்த பொறவும் அவுக தராசத்தான் பிடிச்சிக்கிட்டு நிப்பேன்" என்றார் சங்கையா. பாஸ்புக்கை மடியில் கட்டிக்கொண்டார்.

மார்ச் மாதக் கடைசியில் பாங்குக்குப் போனார். சங்கரலிங்கம் நோட்டுகளை வாங்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னண்ணே, கட்டுற துட்டு வருசா வருசம் குறையுதே?"

கவுண்டர் வரிசையில் பின்னால் நின்றவர்கள் எல்லாம் வத்தல் தெருக்காரர்கள். இங்கே உதிர்க்கிற ஒரு வார்த்தை, அவர் கடைக்குத் திரும்புமுன் அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

"மழை இல்ல சார்" என்றார் சங்கையா.