வாசலைத் தாண்டிய கார்

ஸ்டார்ட் ஆகாத பழைய காரில் முதலில் கவனிக்க வேண்டியது சத்தம். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சுழல்கிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை என்றால் பெட்ரோலையோ பிளக்கையோ பார்க்க வேண்டும். சுழலவே இல்லாமல் ‘டக்’ என்று மட்டும் கேட்டால் மின்சாரம் எங்கோ தடைபடுகிறது. இதெல்லாம் நான் கல்லூரியில் படித்தது. ஆனால் அந்த ‘டக்’கை முதன்முதலில் கேட்டது மூன்றாம் வகுப்பில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, குடும்பமே காருக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தபோது.

அப்பாவுக்கு வளைகுடாவில் வேலை. ஆண்டுக்கொரு முறை தூத்துக்குடிக்கு விடுப்பில் வருவார். கார் அவருடையது. அவர் இல்லாத மாதங்களில் அதை ஓட்டியது அவருடைய தங்கையான என் அத்தை. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் அவளுக்கு வேலை. அவள் கணக்குப் பார்க்க, கார் நாள் முழுக்க வெளியே உப்புக்காற்றில் நிற்கும்.

அன்று அத்தையைப் பெண் பார்க்கத் திருச்செந்தூர் கோயிலுக்கு மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை மறுநாள் விமானம் ஏறுகிறவர். பிடித்துவிட்டால் அங்கேயே பூ வைத்துவிடுவது, கல்யாணத்துக்குப் பிறகு அத்தை வேலையை விட்டுவிடுவது என்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. எனவே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம். அதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று எல்லோரும் ஏறியாயிற்று. அப்பா சாவியைத் திருப்பினார். டக். மறுபடியும் திருப்பினார். டக்.

“வாடகைக் கார் ஒண்ணு கூப்பிடுவமா?” என்றாள் அம்மா.

பெரியப்பா முன்சீட்டிலிருந்து திரும்பினார். “நல்ல காரியத்துக்கு ஏறின வண்டிய மாத்துவாவளா? தள்ளுங்கலே. வாசலத் தாண்டிட்டா கிளம்புன கணக்குதான். தெருவுல ரெண்டாவது கியர்ல விட்டா தன்னால ஸ்டார்ட் ஆயிரும்.”

அவர் இறங்கவில்லை. அத்தை ஸ்டீயரிங்கைப் பிடிக்க, நாங்கள் தள்ளினோம். கார் வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டி மணல் போட்டு மூடியிருந்த பள்ளம் தெருவின் இடது ஓரமாகப் போனது. வலது பக்கம் கார் போகத் தாராளமாக இடம் இருந்தது. அத்தை இடது பக்கம் திருப்பினாள். முன்சக்கரம் மணலில் புதைந்தது.

“கண்ணு எங்கனளா இருக்கு ஒனக்கு?” என்றார் அப்பா.

“சேலை பிரேக்குல மாட்டிக்கிட்டு அண்ணே.”

கிளம்பிவிட்டதால் இனி வீட்டுக்குள் போகக் கூடாது என்றார் பெரியப்பா. எங்கள் வாசல் கண்ணெதிரே திறந்து கிடந்தது. அம்மா எதிர்வீட்டில் குடிக்கத் தண்ணீர் வாங்கினாள்.

அடுத்த தெரு மெக்கானிக் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். நன்றாக எரிந்தது. சாவியைத் திருப்பியதும் மங்கியது.

“பேட்டரி எப்ப மாத்தினது?”

“போன மாசம்,” என்றார் அப்பா.

“அப்பம் செல்ஃப் மோட்டார்தான். கழத்திப் பாத்தாதான் தெரியும். இன்னைக்கு கடை கிடையாது. தினமும் ஓட்டுதது யாரு? முன்னயே இப்படி மக்கர் பண்ணிச்சா?”

“தங்கச்சிதான் ஓட்டுதா,” என்றார் அப்பா. “அவளுக்குச் சாவியத் திருப்பத்தான் தெரியும். அவகிட்ட என்னத்தக் கேக்க?”

அத்தை தலையிலிருந்த பூவைச் சரிசெய்துகொண்டாள்.

நாலரை ஆயிற்று. மாப்பிள்ளையின் மாமாவுக்கு அப்பா போன் செய்தார். அந்தப் பக்கம் நெடுநேரம் பேசினார்கள். அப்பா “ஆமா”, “வாஸ்தவந்தான்” என்று மட்டும் சொன்னார். வைத்த பிறகு யாரையும் பார்க்காமல், “வண்டியே நகர மாட்டேங்கும்போது நாம என்னத்தப் பேசன்னு கேக்காவ. விட்டுருவோம்னுட்டாவ,” என்றார். பெரியப்பா, தாமும் அதையேதான் நினைத்ததாகச் சொன்னார். ராகு காலம் முடியும்வரை தெருவிலேயே இருந்துவிட்டு, அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து காரை மணலிலிருந்து மீட்டு, உள்ளே தள்ளினோம். அத்தை சீக்கிரம் தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலை, மெக்கானிக் வருவதற்கு முன்பே, அத்தை சுடிதாரும் கைப்பையுமாக வெளியே வந்தாள். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் பானெட்டைத் திறந்தாள். பேட்டரியின் ஒரு முனையில், கம்பியைக் கவ்வியிருந்த இடத்தில், வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. கையோடு கொண்டுவந்த செம்பிலிருந்து வெந்நீரை அதன்மேல் மெதுவாக ஊற்றினாள். பானெட்டுக்குள் ஒரு மூலையில் துணியில் சுற்றி வைத்திருந்த கல்லை எடுத்து அந்த முனையைத் தட்டினாள். கம்பியை ஆட்டிப் பார்த்தாள். உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். கார் ஸ்டார்ட் ஆனது.

“தினமும் இப்படித்தான் பண்ணுவியா அத்தை?”

“மூணு நாளைக்கு ஒருக்க. உப்புக்காத்துல்லா.”

“நேத்தே தட்டியிருக்கலாமே?”

அத்தை கண்ணாடியைச் சரிசெய்தாள். “நேத்து பட்டுச் சேலைல்லா கட்டியிருந்தேன். அழுக்காயிரும்ளா.”

எனக்கு அது நியாயமாகவே பட்டது. அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் முழுவதையும் வரிசையாகச் சொன்னேன்: பொடி, வெந்நீர், கல், சேலை. இனிப் பெண் பார்க்கப் போகும்போது அத்தைக்குப் பழைய சேலை கட்டிவிட்டால் போதும் என்றும் சொன்னேன்.

அம்மா தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு ஜன்னல் வழியாக, தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்த காரைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, ஆனால் வரவில்லை.

“இத அப்பாட்ட சொல்லாத,” என்றாள்.

ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. பழுது எங்கே என்றுதான் கண்டுபிடித்தாயிற்றே.